புரோஸ்பர் மூட்டாத அடுப்பு

அடுப்பை மூட்டச் சொன்னது புரோஸ்பர்தான். சேகர் இதை இன்றைக்கும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். வெங்காயம் உரிக்கும்போது சொல்லுவான். லாசால் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்லுவான். வீட்டில் தொடங்கினால் மனைவி செண்பகம், "ஓம், அவர்தான் சொன்னவர், ஊருக்கே தெரியும், தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பாள். ஊருக்குத் தெரியாது என்பதுதான் சங்கதி. சேகரைத் தவிர்த்தால் அது நேரடியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அன்று கூட வேலை செய்த அன்டன், அவன் வாயைத் திறக்கமாட்டான். மற்றவர் புரோஸ்பர் ஒஹாயோன். போன வசந்தத்தில், யூதரின் பாஸ்கா பண்டிகைக்குச் சற்று முன், மாரடைப்பில் போய்விட்டார்.

செத்த ஆளை வெறுமனே திட்டிக்கொண்டிருப்பது சரியில்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புரோஸ்பர் மொறோக்கோ நாட்டு யூதர். மெக்னெஸ் என்ற ஊரில் பிறந்து, சின்னப் பையனாகத் தாய் தகப்பனோடு மொன்றியலுக்கு வந்தவர். வீட்டில் பேசியது பிரெஞ்சு. ஆனால் அந்தக் காலத்தில் இந்த நகரத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் கத்தோலிக்கரின் கையில் இருந்தன. யூதப் பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குத்தான். பிரெஞ்சு மட்டும் தெரிந்த பையன் ஆங்கில வகுப்பின் கடைசி வாங்கில் போய்க் குந்தினான். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மீசை முளைக்கத் தொடங்கும்போதே படிப்பை விட்டுவிட்டு, அஹுன்ட்சிக் பக்கம் ஷபனெல் தெருவில் இருந்த உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டப் போய்விட்டார். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் நூறு காற்சட்டைக்குக் கால் வெட்டுவாராம். இடது கையில் ஒரு விரல் நுனி இல்லாமல் போனது அங்கேதான்.

அவருக்குப் படிப்பில்லாதது உறைத்தது தொழிற்சாலையில் அல்ல, தகப்பன் செத்தபோது. தகப்பனுக்காக மகன் நின்று சொல்லவேண்டிய ஒரு பிரார்த்தனை அவர்களிடம் இருக்கிறது. மாதக் கணக்காகச் சொல்லவேண்டும். புரோஸ்பருக்கு எபிரேய எழுத்துத் தெரியாது. பிரெஞ்சு எழுத்தில் யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவர் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் பின்னால் நின்ற கிழவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிடுவார்களாம்.

"என்ர மூண்டு பெட்டையளும் காகிதம் பார்த்து முக்கிக்கொண்டு நிக்கக்கூடாது" என்று சேகரிடம் ஒருநாள் சொன்னார். "பொம்பிளைப் பிள்ளையள் அதைச் சொல்லுறது எங்கட ஆக்களிட்டை வழக்கமில்லை. எண்டாலும் வாசிக்கத் தெரியவேணும். அது போதும் எனக்கு."

இதை அவர் சொன்னது பிரெஞ்சில். சேகர் பதில் சொன்னதும் பிரெஞ்சில்தான். பாதி சொல்லும் பாதி கைச்சைகையுமான, அடுப்படியில் பழகிய குசினிப் பிரெஞ்சு. ஆனால் இப்போது நினைக்கும்போது புரோஸ்பர் சொன்னதெல்லாம் சேகருக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது.

இருவரும் சந்தித்தது ஒரு யூதப் பள்ளிக்கூடத்தின் குசினியில். கோட் சென்-லூக் பக்கம் இருக்கிறது. சேகர் சமையல்காரன். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்று, இங்கே வந்து கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, மெதுமெதுவாகச் சட்டிக்கு முன்னால் வந்தவன். புரோஸ்பர் மேற்பார்வையாளர். ஷபனெல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபிறகு, மதச் சட்டப்படி சாப்பாடு தயாராகிறதா என்று பார்க்கும் இந்த வேலை அவருக்குக் கிடைத்தது. இறைச்சி பூட்டிய குளிர்பெட்டியின் சாவி அவரிடம். முட்டையை உடைத்து ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அவர். பூக்கோவா என்கிற காலிஃபிளவரைத் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவது அவர். எல்லாவற்றுக்கும் மேலே, அடுப்பை மூட்டுவது அவர். யூதர் ஒருவர் கையால் மூட்டிய நெருப்பில்தான் வேறு ஆட்கள் சமைக்கலாம். சேகர் கிண்டலாம், உப்புப் போடலாம், இறக்கலாம், நெருப்பைக் கூட்டலாம் குறைக்கலாம். இல்லாத நெருப்பை உண்டாக்க மட்டும் கூடாது.

அந்தக் குசினியில் பாத்திரம் கழுவிய அன்டன் மன்னார்ப் பக்கத்துப் பொடியன், வாய் சும்மா இராது. காலையில் புரோஸ்பர் லைட்டரோடு வந்தால், "ஐயர் வந்திட்டார், மந்திரம் துவங்கப்போகுது" என்பான் தமிழில். புரோஸ்பர் சேகரைப் பார்த்து, "இவன் என்னைப் பேசுறானோ?" என்று கேட்பார். "இல்லை அண்ணை, மரியாதையாத்தான் சொல்லுறான்" என்பான் சேகர். அண்ணை என்றால் என்ன என்று அறிந்த நாளிலிருந்து புரோஸ்பர் அதை விடவில்லை. போன் எடுத்தால், "சேகர், அண்ணை கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவார்.

செண்பகத்திடம் இந்த நெருப்பு விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "எங்கட அப்பா வீட்டுக் கிணத்தில ஆரை அள்ள விட்டவர்? இப்ப அது உங்களுக்கு வந்திருக்கு. நல்லா வேணும்."

சேகருக்கு அது அப்படித் தோன்றவில்லை. புரோஸ்பர் ஒருநாளும் அவனைக் கீழே பார்த்ததில்லை. சேகரின் மகள் ஹர்ஷினியின் முதலாவது பிறந்தநாளுக்கு அவன் வீட்டுக்கு வந்தார். அவர்கள் சட்டப்படி இவன் வீட்டில் சாப்பிட முடியாது. தோடம்பழத்தையும் தன் சொந்தக் கத்தியையும் சட்டைப் பையில் கொண்டுவந்து, பிள்ளைக்கும் உரித்துக் கொடுத்துத் தானும் தின்று, வடையின் வாசத்தை மட்டும் இழுத்து இழுத்து மணந்துவிட்டுப் போனார். "அடுத்த பிறவியில சாப்பிடுறன்" என்றார். "உங்களுக்கு அடுத்த பிறவி இருக்கோ அண்ணை?" என்று சேகர் கேட்டதற்கு, "அதில உங்களிட்டைக் கடன் வாங்கலாம்" என்றார். அப்படிப்பட்ட ஆள். அதனால்தான் இவ்வளவு நோகிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவருடைய மூன்று பெண்களும் படித்தார்கள். மூத்தவள் யாயெல். தனியார் பள்ளிக்கூடம், அரைநாள் எபிரேயமும் வேதமும், அரைநாள் மற்றப் பாடங்கள். மூன்று பேருக்கும் முழுக் கட்டணம் கட்டுவதென்றால் புரோஸ்பரின் சம்பளத்தையும், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி சோலாஞ்சின் சம்பளத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாலும் காணாது. கட்டமுடியாத குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம் உதவி கொடுக்கும். அதற்கு ஒவ்வொரு வசந்தமும் விண்ணப்பிக்கவேண்டும். வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, கார் என்ன கார், கோடையில் எங்கே போனீர்கள், எல்லாம் ஒரு குழுவுக்கு முன்னால் சொல்லவேண்டும். குழுவில் இருப்பவர்கள் அந்நியர் என்றால் பரவாயில்லை. சனிக்கிழமை ஒரே தொழுகைக் கூடத்தில் பக்கத்து வாங்கில் இருக்கிற ஆட்கள். அவர்களில் ஒருவர், புரோஸ்பர் துணி வெட்டிய தொழிற்சாலை முதலாளியின் மகன்.

"முந்தி அவன்ர தகப்பனுக்குக் காற்சட்டை வெட்டினனான்" என்பார் புரோஸ்பர். "இப்ப அவனுக்கு முன்னால என்ர காற்சட்டையைக் கழட்டிக் காட்டுறன்."

நல்ல மனிதர்கள்தான் அவர்கள், மரியாதையாகத்தான் பேசுவார்கள் என்றும் அவரே சொல்லுவார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் முகம் கறுத்திருக்கும். பூக்கோவாவில் இல்லாத பூச்சியையும் கண்டுபிடித்து எறிவார். உதவி கிடைக்கும். கிடைத்தபிறகும் மிச்சம் ஒரு தொகை கட்டவேண்டியிருக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் அவர் ஒரு வழி பார்த்தார்.

காலையில் வந்து எல்லா அடுப்பிலும் சின்னச் சுடரை ஏற்றிவிடுவார். அந்தச் சுடர் அணையாமல் இருந்தால் போதும். பிறகு சேகர் திருகினால் எரியும், அது புரோஸ்பர் மூட்டிய நெருப்புத்தான். இறைச்சியை எண்ணி வெளியே வைத்துவிட்டு, பின்கதவால் நழுவுவார். ஒரு பேக்கரி வானை எடுத்துக்கொண்டு நாலைந்து கடைகளுக்கும் முதியோர் இல்லம் ஒன்றுக்கும் பாண் இறக்கிவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுமுன் திரும்பிவிடுவார். சம்பளம் கையில். குழுவுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் உதவியில் வெட்டுவார்கள். வெட்டினால் அந்த வேலை செய்தும் பலனில்லை. அதோடு, மேற்பார்வையாளர் குசினியை விட்டு வெளியே போவதே பெரிய குற்றம்.

சேகருக்கு எல்லாம் தெரியும். "போட்டு வாங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்று அனுப்பிவைத்தவனே அவன்தான். சட்டி பொங்கிச் சுடரை அணைத்துவிடுமோ என்று பால் காய்ச்சுபவளைப்போலப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அது தை மாதம். வெளியே மூக்கு உறைகிற குளிர். பெரிய சட்டியில் கோழி கொதிக்கிறது, பக்கத்தில் பருப்புச் சூப். புரோஸ்பர் போய்க் கொஞ்ச நேரம்தான். தீப்பிடித்தால் வெளியேறுவதற்கான பயிற்சி என்று மணி அடித்தது. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மணி அடித்தால் குசினிக்கு வரும் காஸ் தானாகவே நின்றுவிடும். அப்படித்தான் பூட்டியிருந்தார்கள். சேகரும் அன்டனும் ஏப்ரனோடு ஓடிப்போய்ப் பனிக்குள் நின்று நடுங்கினார்கள். ஒரு ஆசிரியை ஆட்களை எண்ணினாள். எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள்.

உள்ளே வந்தால் அடுப்பெல்லாம் இருட்டு. ஒரு சுடர் மிச்சமில்லை. காஸைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். ஆனால் மூட்டுவதற்கு ஆள் இல்லை. சேகர் புரோஸ்பருக்குப் போன் போட்டான்.

"அண்ணை, எல்லாம் நூந்து போச்சு. எங்க நிக்கிறியள்?"

"என்ன? என்னெண்டு?"

"மணி அடிச்சவை. கோழி அரைவேக்காடு. பிள்ளையள் வரப்போகுதுகள்."

வான் இரையும் சத்தம் கேட்டது. யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"நான் இஞ்ச பாலத்துக்குக் கீழ இறுகிப்போய் நிக்கிறன். சேகர், நீ மூட்டு."

"நான் மூட்டக்கூடாதே."

"மூட்டு எண்டுறன். நான் சொல்லுறன்தானே. வந்து நூத்துப்போட்டுத் திரும்ப மூட்டுறன். ஆருக்கும் தெரியாது. மூட்டு!"

அன்டன் அப்போது தொட்டிக்கு முன்னால் நின்றான். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் சேகர் கதைத்தான், கை முழுக்கக் கோழிக் கொழுப்பு. அன்டன் சேகரைப் பார்த்து, "பூசாரி மாறிட்டார்" என்று சொல்லிச் சிரித்தான். சேகர் லைட்டரை எடுத்து மூட்டினான்.

மூட்டி முடிய, பள்ளிக்கூடத்தின் ரபி கதவில் நின்றார். ரபி என்றால் அவர்களின் குரு. இளம் ஆள், சத்தம் போட்டுக் கதைக்காதவர். வெளியே எண்ணியபோது ஒரு தலை குறைந்திருக்கிறது. அது மேற்பார்வையாளரின் தலை. ஆளுக்கு என்னவோ ஏதோ என்று தேடி வந்திருக்கிறார். வந்த இடத்தில், காஸ் நின்று திரும்பி வந்த அடுப்புகளில் நெருப்பு எரிகிறது. சேகரின் கையில் லைட்டர்.

"மிஸ்யூ ஒஹாயோன் எங்கே?"

சேகர் யோசிக்கவில்லை. "டொய்லட்டுக்குப் போட்டார்" என்றான்.

ரபி கையை நீட்டி ஒவ்வொரு அடுப்பாக நிறுத்தினார். பிறகு சேகரைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

புரோஸ்பர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அறையில் சேகர் நின்றுகொண்டிருந்தான், ரபி நாற்காலியில் இருந்தார். புரோஸ்பர் சேகரின் பக்கம் திரும்பவில்லை.

"எங்கே நின்றீர்கள்?" என்று ரபி கேட்டார்.

"கீழே சாமான் அறையில். மா மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி கேட்கவில்லை."

"இவரை மூட்டச் சொன்னீர்களா?"

சேகர் காத்திருந்தான். அந்த ஒரு கணம் அவனுக்குப் பயமே இல்லை. அண்ணை ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன், அவசரத்தில் சொல்லிவிட்டேன், ஏதாவது.

"இல்லை" என்றார் புரோஸ்பர். "இவர் தானாக மூட்டியிருக்கிறார். இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுத்தும்."

ரபி சேகரைப் பார்த்தார். "நீங்கள் என்னிடம் டொய்லட் என்றீர்களே."

அதோடு முடிந்தது. புரோஸ்பரைக் காப்பாற்றச் சொன்ன பொய், சேகர் பொய்க்காரன் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. புரோஸ்பரின் சப்பாத்திலிருந்து பனி உருகி ரபியின் கம்பளத்தில் ஒரு வட்டம் ஊறிக்கொண்டிருந்தது. சாமான் அறைக்குள் என்ன பனி? சேகர் விரலை நீட்டி அதைக் காட்டியிருந்தால் கதை வேறு. வாய்வரை வந்தது. ஆனால் காட்டினால் அடுத்த கேள்வி, எங்கே போனாய். அதற்கடுத்தது வான், பாண், மறைத்த சம்பளம். அதற்கடுத்தது மூன்று பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே. யாயெல் காலையில் குசினிக் கதவால் எட்டிப் பார்த்து, "மிஸ்யூ சேகர், இண்டைக்கும் அந்தச் சூப்போ?" என்று கேட்டுவிட்டுப் போனது அவன் காதில் நின்றது. பிறகு அண்ணை சரிப்படுத்துவார் என்று நினைத்தான். விரலை மடக்கிக்கொண்டான்.

கோழியையும் சூப்பையும் குப்பையில் கொட்டினார்கள். பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து பீட்சா வந்தது. சட்டிகளையெல்லாம் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவேண்டுமாம். அதைச் செய்தது அன்டன். சேகரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

வேலை போனது ஒரு பக்கம். இந்த நகரத்தில் இப்படிச் சமைக்கும் குசினிகள் எண்ணிக்கையில் அடங்கும். எங்கே போய்க் கேட்டாலும் மேற்பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். "மேற்பார்வையாளர் கண்ணில் மண்ணைத் தூவி மூட்டினவன் நீதானே" என்று ஒரு விருந்து மண்டபக்காரன் முகத்துக்கு நேரே கேட்டான். கைத்தொழில் கையில் இருக்க, சேகர் டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் மறுபடியும் கோப்பை கழுவப் போனான். அவனுடைய சட்டிக்கு முன்னால் அன்டன் நின்றான். சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டபோது, "அண்ணை, தண்ணி ஓடின சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றான்.

"பூசாரி மாறிட்டார் எண்டு சொன்ன வாய்தானேடா இது?"

"நான் சொன்னனானோ?"

புரோஸ்பர் போன் எடுக்கவேயில்லை. வாரங்கள் போயின. சேகர் நேரே அவருடைய மாடிக் கட்டடத்துக்குப் போனான். கீழே மணியை அழுத்தினால் மேலே கூப்பிடவில்லை. அவரே இறங்கி வந்தார், வீட்டுச் செருப்போடு. முன்வாசல் கண்ணாடிக் கதவுக்கும் உள்கதவுக்கும் இடையில் இருவரும் நின்றார்கள்.

"சேகர், என்னை அடி" என்றார்.

"அடிக்க வரேல்லை. ரபியிட்டைப் போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"சொல்லுவன். கட்டாயம் சொல்லுவன். இப்ப சொன்னா பிள்ளையள் வெளிய. கடைசியவள் எழுத்துக் கூட்டத் துவங்கியிருக்கிறாள். இவளவை படிச்சு முடியட்டும். முடிஞ்ச அண்டைக்கு நானே போய்ச் சொல்லுறன். பிள்ளையளில சத்தியம்."

"அதுவரைக்கும் நான் கள்ளனோ?"

"நீ கள்ளனில்லை எண்டு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு எனக்கென்ன?"

உள்கதவால் ஒரு கிழவி நாயோடு வந்தாள். இருவரும் சுவரோடு ஒதுங்கி அவளுக்கு போன்ஜூர் சொன்னார்கள். அவள் போனபிறகு சேகரும் வெளியே நடந்தான்.

சேகர் காத்திருந்தான். முட்டாள்தனம்தான். செண்பகம் அப்போதே சொன்னாள்: "அந்த மனிசன் சொல்லாது. நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. பனிச் சப்பாத்தைச் சொல்லுங்கோ. வானைச் சொல்லுங்கோ."

"மூண்டு பிள்ளையளின்ர படிப்படி."

"எங்கட பிள்ளையின்ர தகப்பனுக்குப் பேர் பொய்க்காரன். அது?"

 சேகர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். ஹோட்டலிலிருந்து ஒரு லெபனான்காரன் கடை, அங்கிருந்து லாசாலில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடம். இப்போது அங்கேதான் பெரிய சமையல். நெருப்பை அவனே மூட்டுகிறான், ஒருவரும் கேட்பதில்லை. வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. ஆனால் பொய்க்காரன் என்ற அந்தச் சொல் மட்டும் சட்டியில் ஒட்டின அடிப்பிடிப்புப் போல. யாயெல் படித்து முடித்தாள் என்று அன்டன் வழியாகக் காதில் விழுந்தது. இரண்டாவது முடித்தாள். கடைசியவளும் முடித்தாள். ஒவ்வொரு முறையும் சேகர் சில நாள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தான். போன் அடிக்கவில்லை.

போன மார்கழியில் ஒரு பெண் குரல் அழைத்தது. "மிஸ்யூ சேகர்? நான் யாயெல். யாயெல் ஒஹாயோன். உங்கட பருப்புச் சூப்பைக் களவாய் ரெண்டு தரம் வாங்கிறவள்."

சேகர் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தான். அவள் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சேகரின் போன் எண்ணை அன்டனிடம் வாங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடம் வருஷா வருஷம் ஒரு விருந்து வைத்து, கட்டணம் கட்டமுடியாத பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்கும். இந்த வருஷ விருந்தில் தகப்பனை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்யப்போகிறார்களாம். இத்தனை வருஷம் குசினியை நேர்மையாகக் காத்தவர் என்று.

"அப்பாவுக்குத் தெரியாம உங்களைக் கூப்பிட்டு அவரை ஆச்சரியப்படுத்தவேணும். அவர் எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைப்பார். டவுன்டவுன்ல பெரிய ஹோட்டல் கிடைச்சு எங்களை விட்டிட்டுப் போட்டியள் எண்டு எங்களுக்கெல்லாம் சரியான கவலை."

"பெரிய ஹோட்டல்" என்றான் சேகர்.

"ஓம். ஏன், இல்லையோ?"

"இருந்தனான், கொஞ்சக் காலம்." பிறகு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், சுற்றி வளைத்துக் கேட்டான்: "பிள்ளை, ஒரு கதைக்குக் கேக்கிறன். உதவி எடுக்கிற ஒரு தகப்பன் ஏதாவது வருமானத்தை மறைச்சது பிடிபட்டா, அந்தப் பிள்ளையளை வெளிய விடுவியளோ?"

அவள் சிரித்தாள். "ஐயோ, இல்லை. நான் இப்ப அந்தக் குடும்பங்களோட கதைக்கிற ஆள். தகப்பனைக் கூப்பிட்டுக் கதைப்பம், கணக்கைத் திருத்துவம். காசு இல்லை எண்டோ, தகப்பன் பிழை விட்டான் எண்டோ, ஒரு பிள்ளையையும் இந்தப் பள்ளிக்கூடம் வெளிய விட்டதில்லை. எப்பவும் அப்பிடித்தான்."

"எப்பவும்?"

"நான் படிக்கேக்கையும் அதே சட்டம்தான். கட்டாயம் வாங்கோ மிஸ்யூ சேகர். அப்பான்ர மேசையில உங்களுக்கு இடம் வச்சிருக்கிறன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்குப் போய்ச் செண்பகத்திடம் சொன்னான். அவள் அவனுடைய கோட் சூட்டை எடுத்து வெளியே தொங்கவிட்டாள். "போங்கோ. எல்லாருக்கும் முன்னால அந்த மனிசன் உங்களைப் பாத்துக்கொண்டு என்ன சொல்லுது எண்டு பாப்பம்" என்றாள். சேகருக்குச் சண்டை பிடிக்கும் எண்ணம் இல்லை. அவரே மேடையில் சொல்லிவிடுவார் என்று, இவ்வளவுக்குப் பிறகும், ஒரு நினைப்பு. மூன்று பெண்களும் படித்து முடித்துவிட்டார்கள். இனி என்ன தடை?

விருந்துக்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாடு முடிந்து சட்டி ஆறவிட்டிருந்த நேரம், போன் அடித்தது.

"சேகர், அண்ணை கதைக்கிறன்."

குரல் கிழண்டு போயிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். ஹர்ஷினி என்ன படிக்கிறாள் என்று கேட்டார். சோலாஞ்சின் முழங்காலைப் பற்றிச் சொன்னார். சேகரை விருந்துக்குக் கூப்பிட்டதை யாயெல் தாயிடம் வாய்விட்டிருக்கிறாள், தாய் இவரிடம். சேகர் விட்டுப் பார்த்தான், விட்டுப் பார்த்தான், பிறகு பொறுக்கமுடியாமல் கேட்டான்.

"அண்ணை, பிள்ளையளை வெளிய விட்டிருக்கமாட்டினமாம். யாயெல் சொன்னவள்."

மறுபக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"கேக்குதோ?"

"தெரியும்" என்றார் புரோஸ்பர்.

"எப்ப துவக்கம்?"

"அந்தக் கிழமையே. ரபி என்னைத் திரும்பக் கூப்பிட்டவர். கம்பளம் நனைஞ்சிருந்ததைக் கண்டிட்டார். வெளிய எங்க போனனீங்கள் எண்டு கேட்டார். பேக்கரியைச் சொன்னன். பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகாது, அதைப் பேந்து கணக்குப் பாப்பம் எண்டு சொன்னவர்."

சேகர் சுவரில் சாய்ந்தான். "அப்ப நான்?"

"உன்னை மூட்டச் சொன்னது ஆர் எண்டு திரும்பவும் கேட்டவர்."

"என்ன சொன்னியள்?"

"முதல் சொன்னதையே சொன்னன். வெளிய போனதை மன்னிச்சவர், சேகர். வேற ஆளை நெருப்பு மூட்டச் சொன்ன மேற்பார்வையாளனை ஒருத்தரும் மன்னிக்காயினம். பிறகு நான் ஆர்? திரும்பவும் துணி வெட்டப் போறதோ? ஷபனெலில் துணியும் இல்லை."

"கதவுக்குள்ள நிண்டு பிள்ளையளில சத்தியம் பண்ணினியள்."

"பண்ணினன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும், பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையெண்டு. தெரிஞ்சு கொண்டுதான் பிள்ளையளைச் சொன்னியள்."

"ஓம்."

அந்த ஓமில் சேகருக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷம் மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தவன், கையைப் பார்த்தால் கை வெறும் கை. உள்ளே யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

"விருந்தில சொல்லுவியளோ?" என்று கேட்டான். தன் குரலே தனக்குக் கெஞ்சலாகக் கேட்டது.

"அண்டைக்கு வாற காசு முழுக்கப் பிள்ளையளின்ர படிப்புக்கு. அண்டைக்கு எப்பிடிச் சொல்லுறது? யாயெல் பேச்சு எழுதி வச்சிருக்கிறாள். ரெண்டு பக்கம். காகிதம் பாக்காமச் சொல்லப்போறாளாம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ அந்த மேசையில இருந்தா நான் எழும்பி நிக்கமாட்டன், சேகர். உன்ர முகத்தைக் கண்டா எனக்குக் கால் வராது. அவள் என்னைப் பாத்திட்டு உன்னைப் பாப்பாள். அவள் கெட்டிக்காரி, பாத்த உடன பிடிச்சிடுவாள்."

"அதுக்கு?"

"வராதை. அவள் நாளைக்குத் திரும்ப எடுப்பாள், உனக்குச் சாப்பாட்டில என்ன வேணும் எண்டு கேக்க. வேலை எண்டு சொல்லு. சந்தோசமாச் சொல்லு, அவள் ஒண்டையும் கண்டுபிடிக்காத மாதிரி."